ஷோஷோலோசா: காலிலிருந்து கற்ற பாட்டு

எங்கள் வட்டாரப் பாடகர் குழு சமீபத்தில் கற்று முடித்த பாட்டு 'ஷோஷோலோசா'. தென்னாப்பிரிக்காவில் மைதானம் நிறைந்த கூட்டம் சேர்ந்து பாடுகிற பாட்டு. ஆனால் அதன் வேர் எல்லைக்கு வடக்கே, இன்றைய ஜிம்பாப்வேயில் ந்டெபெலே பேசும் மக்களிடம் இருக்கிறது. மூன்று நான்கு வரிகள்தான். இசைக்குறிப்பாக எழுதினால் அரைப் பக்கம் வரும். இரண்டு முறை கேட்டுவிட்டு ஒரே மாலையில் முடித்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி முடித்த கொயர்களை, அதாவது சேர்ந்திசைக் குழுக்களை, நான் கேட்டிருக்கிறேன். ஸ்வரம் சரியாக இருக்கும், சொல்லும் ஏறக்குறைய சரியாக இருக்கும், பாட்டு மட்டும் நகராது. எங்களிடம் அது நகர ஆரம்பித்தது எப்படி என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். ஒற்றைக் குரலில் பாடிப் பழகிவிட்டு, போன ஊரில் ஒரு கொயரில் சேர்ந்து, வெவ்வேறு ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஹார்மனிக்கு நடுவில் நிற்கும் தமிழர்களுக்கு இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

குழுவைப் பற்றிச் சுருக்கமாக. தெற்கு லண்டனில் ஒரு சர்ச் ஹால், மரத்தரை, வாரம் ஒரு மாலை. குரல் தேர்வு கிடையாது, வருகிறவர்கள் எல்லோரும் பாடலாம். பிரிட்டனில் இந்த மாதிரிக் குழுக்கள் நிறைய உண்டு. ஃபிரான்கி ஆம்ஸ்ட்ராங் என்ற பாடகி 1970களில் நடத்த ஆரம்பித்த குரல் பட்டறைகளிலிருந்து ஒரு வழக்கம் கிளைத்தது: பாடுவது எல்லோருக்கும் பிறப்பிலேயே உள்ளது, காதால் கேட்டுக் கற்கலாம், தாள் தேவையில்லை என்பது. அந்த வழியில் நடத்துபவர்களுக்கு நேச்சுரல் வாய்ஸ் நெட்வொர்க் என்று ஒரு அமைப்பும் இருக்கிறது. எங்கள் குழுவை நடத்தும் அம்மாவும் அந்தப் பள்ளியில் வளர்ந்தவர்தான். எங்களில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் இருக்கிறார், பள்ளி ஆசிரியைகள் இருக்கிறார்கள், இரவு ஷிப்டுக்குப் போகும் வழியில் வந்து பாடிவிட்டுப் போகும் நர்ஸ் ஒருவர் இருக்கிறார். ஜிம்பாப்வேயில் உள்ள புலவாயோ ஊர்க்காரர். அவரை எல்லோரும் 'சிசி' என்று கூப்பிடுகிறோம். அவர்கள் மொழியில் அக்கா தங்கையைக் கூப்பிடும் சொல். இந்தப் பாட்டைப் பொறுத்தவரை எங்களுக்கு உண்மையான ஆசிரியர் அவர்தான்.

முதலில் எடுக்க நினைத்தது வேறொரு பாட்டு, சிங்கம் தூங்குவதாக வரும் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்ற அந்தப் புகழ்பெற்ற பாட்டு. அதை நாட்டுப்புறப் பாட்டு என்றே பலரும் நினைக்கிறார்கள். அது சாலமன் லிண்டா என்ற ஸூலு பாடகர் ஆக்கி, 1939இல் ஜொஹானஸ்பர்கில் 'ம்புபே' என்ற பெயரில் பதிவு செய்தது. உரிமையைப் பத்து ஷில்லிங்குக்கு எழுதிக் கொடுத்தார். 1961இல் அமெரிக்காவில் அது ஆங்கிலப் பாட்டாகி உலகம் சுற்றியது. 1962இல் அவர் ஏழையாகவே இறந்தார். அவருடைய மகள்களுக்கு ஓரளவு நியாயம் கிடைத்தது 2006இல்தான். இதைக் குழுவை நடத்தும் அம்மா சொன்னதும், யாருடையது என்று தெரிந்துகொண்டுதான் எந்தப் பாட்டையும் எடுக்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. ஷோஷோலோசாவுக்கு ஒற்றை ஆசிரியர் கிடையாது, வேலை செய்த ஆட்கள் கூடிப் பாடிப் பாடி ஆனது. ஆனால் யாரோ ஒருவர் அச்சிட்ட ஹார்மனி அமைப்புக்கு உரிமை உண்டு, அதை ஜெராக்ஸ் எடுப்பது சரியில்லை. அதனால் ஹார்மனியை நாங்களே காதால் அமைத்துக்கொள்வது என்று முடிவானது. அந்த முடிவு பின்னால் பெரிய நன்மையாகப் போயிற்று.

பாட்டின் பின்னால் ஒரு ரயில் இருக்கிறது. 1886இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் மலைத்தொடரில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. ஜொஹானஸ்பர்க் என்ற ஊரே அதனால்தான் முளைத்தது. ஆழத்தில் கிடந்த அந்தத் தங்கத்தைத் தோண்ட மலிவான கூலிக்கு ஆட்கள் லட்சக்கணக்கில் தேவைப்பட்டார்கள். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி முழுவதிலிருந்தும் ஆண்கள் வந்தார்கள், வரவழைக்கப்பட்டார்கள். புலவாயோவுக்குத் தெற்கிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தது 1897இல். வீட்டை விட்டுச் சுரங்கத்துக்குப் போனதும் அந்த ரயிலில்தான், ஒப்பந்தம் முடிந்து திரும்பியதும் அதில்தான். குந்தாலியும் மண்வெட்டியுமாக வரிசையில் நின்று வேலை செய்யும்போது ஒருவர் அழைக்க மற்றவர்கள் பதில் சொல்ல, அடி ஒன்றாக விழுவதற்காகப் பாடியது இது. முன்னே போ, விடாமல் போ, அந்த மலைகளுக்கிடையே ரயில் வருகிறது, நீ ஓடிக்கொண்டிருக்கிறாய் என்ற அளவுதான் பொருள். சிசியின் தாத்தா அப்படிப் போய் வந்தவர். அவர் ஊரில் இல்லாத வருடங்களை வைத்துத்தான் பாட்டி பிள்ளைகளின் வயதைக் கணக்குப் போடுவாராம்.

1995 உலகக் கோப்பை ரக்பிக்குப் பிறகு இது கொண்டாட்டப் பாட்டாகவே உலகத்துக்கு அறிமுகமாகிவிட்டது. எல்லிஸ் பார்க்கில் நடந்த இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்கா 15-12 என்று நியூசிலாந்தை வென்றது, மண்டேலா அணித் தலைவரின் ஆறாம் எண் சட்டை போட்டு வந்து கோப்பை கொடுத்தார். அந்த மகிழ்ச்சியும் பாட்டுக்குச் சொந்தமானதுதான். இருந்தாலும் எங்கள் குழுவில் சிலர் ஆரம்பத்தில் இதைக் கைதட்டிச் சிரித்துப் பாடும் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். சிசி அதைத் தடுக்கவில்லை. சுரங்கத்தைப் பற்றிச் சொன்னார், அவ்வளவுதான். வேகம் தானாகக் குறைந்தது. கடைசியில் நிமிடத்துக்கு 90 தட்டை ஒட்டி நின்றது. குந்தாலியை ஓங்கி இறக்குகிற ஆளுக்கு அதைவிட வேகம் தாங்காது.

சரி, செய்முறைக்கு வருகிறேன்.

பெரும்பாலான கொயர்கள் சொல், மெட்டு, ஹார்மனி, கடைசியில் நேரம் இருந்தால் அசைவு என்ற வரிசையில் போகின்றன. நாங்கள் போனது கால், அழைப்பும் பதிலும், சொல், ஹார்மனி என்ற வரிசையில். இது சிசியின் பிடிவாதம். கையில் வைத்திருந்த தாள்களை எல்லாம் நாற்காலிக்கு அடியில் வைக்கச் சொன்னார். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினோம். வட்டமாக நிற்க வைத்து, "பாட்டைக் கேட்காதீங்க, என் குதிகாலைப் பாருங்க" என்றார்.

அடி இதுதான். வலது கால் பக்கவாட்டில் அரை அடி, இடது கால் வந்து சேர வேண்டும். பிறகு இடது கால் பக்கவாட்டில், வலது வந்து சேர வேண்டும். நாலு எண்ணிக்கை. பார்க்க ஒன்றுமேயில்லை. ஆனால் அவர் உடம்பில் அது வேறு மாதிரி இருந்தது. முழங்கால் எப்போதும் லேசாக மடிந்தே இருந்தது, பூட்டிக்கொள்ளவே இல்லை. கால் தரையில் பட்ட பிறகு ஒரு நூல் அளவு தாமதித்துத்தான் எடை முழுக்க இறங்கியது. தலையும் தோளும் மேலும் கீழும் ஆடவில்லை. நாங்கள் செய்தபோது தலைகள் எல்லாம் குதித்தன. எடையை மேலே தூக்குகிறோம், அவர் கீழே விடுகிறார், வித்தியாசம் அங்கேதான். ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து வரிசையாக நடக்க வைத்தார். முன்னால் இருப்பவர் தோள் குதித்தால் பின்னால் இருப்பவர் கைக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு பயிற்சி பேச்சில் விளங்காததை விளக்கிவிட்டது. அன்று பாடவே இல்லை. மரத்தரையில் அத்தனை கால்களும் சேர்ந்து விழும் சத்தம் வந்த பிறகு, அதன்மேல் 'ம்' என்று ஒரே சுருதியில் முனகச் சொன்னார். அதோடு அன்றைய பாடம் முடிந்தது.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், அடுத்து வந்த எல்லாமே இதன்மேல்தான் உட்கார்ந்தன. மூச்சு எங்கே எடுப்பது என்று யாரும் குறித்துக் கொடுக்கவில்லை, காலே சொல்லிவிட்டது. வேகம் ஓடுவதும் நின்றுபோனது. பொதுவாக எங்கள் குழு உற்சாகம் வந்தால் வேகத்தைக் கூட்டிவிடும்.

இரண்டாவது அழைப்பும் பதிலும். 'ஷோஷோலோசா' என்று ஒருவர் அழைக்கிறார், மற்றவர்கள் அதையே வாங்கி 'குலேசோ ந்தாபா' என்று தொடர்கிறார்கள். கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் பதில் எந்த இடத்தில் புகுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பழகிய குழு என்ன செய்யும் என்றால், தலைவர் பாடி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, ஒரு மூச்சு எடுத்து, பிறகு ஆரம்பிக்கும். அந்த மூச்சு இடைவெளிதான் பாட்டைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. ஸூலு, ந்டெபெலே, க்ஹோசா போன்ற ந்குனி மொழி மக்களின் பாட்டில் குரல்கள் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிவதில்லை. ஒன்றின் வாலில் இன்னொன்று ஏறும். தலைவரின் கடைசி அசை இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பதில் வந்துவிட வேண்டும், பதிலின் கடைசி அசை நீளும்போதே அடுத்த அழைப்பு கிளம்பிவிட வேண்டும். வலை இழுக்கிறவர்களின் 'ஐலசா' எப்படி முன்னவர் குரல் அடங்கும் முன்பே எழும்புமோ அப்படி. எனக்கு அது காதில் இருந்ததால் சீக்கிரம் பிடிபட்டது.

மற்றவர்களுக்குப் பழக்க எங்கள் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். வட்டத்தை இரண்டாகப் பிரித்து எதிரெதிரே நிற்க வைத்தார். இரு பக்கமும் பிடித்துக்கொள்ள நடுவே ஒரே கயிறு. அழைக்கும் பக்கம் பாடும்போது கயிற்றை மெல்ல இழுக்க வேண்டும், பதில் சொல்லும் பக்கம் கயிறு தளர்வதற்குள் இழுக்க ஆரம்பிக்க வேண்டும். கயிறு ஒருபோதும் தொய்யக்கூடாது. இவ்வளவுதான் விதி. பாடிக்கொண்டே இழுத்தோம். தொய்ந்தால் எங்கே இடைவெளி விழுந்தது என்று கண்ணாலேயே தெரிந்தது. மூச்சை முன்கூட்டியே, எதிர்ப்பக்கம் பாடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவைக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லாமல் எல்லோரும் கண்டுகொண்டார்கள். எந்த மொழிப் பாட்டானாலும் அழைப்பும் பதிலும் உள்ள பாட்டுக்கு இந்தக் கயிற்றைப் பரிந்துரைப்பேன்.

சொல்லுக்கு வந்தபோது தமிழ் எனக்குக் கைகொடுத்தது. ந்குனி மொழிகளில் ஐந்தே உயிரொலிகள், ஒவ்வொன்றும் தொடங்கியபடியே முடியும். ஆங்கிலத்தில் வளர்ந்த வாய்க்கு 'ஓ' என்று சொல்லும்போது கடைசியில் ஒரு 'உ' தானாக ஒட்டிக்கொள்ளும். 'ஷோஉ-ஷோஉ' என்று வரும். நீட்டிப் பிடிக்கும் இடத்தில் முப்பது பேர் வெவ்வேறு கணத்தில் அந்த 'உ'வுக்குப் போனால் சுருதியே கலங்கிய மாதிரி கேட்கும். நம் 'ஓ' அப்படி வழுக்குவதில்லை. சிசி அதைக் கவனித்துவிட்டு, என் பக்கத்தில் ஆளை மாற்றி மாற்றி நிறுத்தி, என் வாயைப் பார்த்து 'ஓ' பிடிக்கச் சொன்னார். தாடை இறங்கி, உதடு கடைசிவரை அசையாமல் இருந்தால் போதும்.

ஆனால் தமிழ் கெடுக்கும் இடமும் உண்டு. மலை என்பதற்கான சொல்லை நாம் 'ந்தாபா' என்று எழுதினால், நம் வழக்கப்படி மெல்லினத்தை அடுத்த 'த' குழைந்துவிடும், 'பந்து'வில் வருவது போல. அங்கே அது குழையக்கூடாது, 'பத்து'வில் உள்ள 'த' மாதிரி விறைப்பாக நிற்க வேண்டும். குழைத்தால் மலைக்குப் பதில் செய்தி, விவகாரம் என்ற பொருளுள்ள வேறு சொல் காதில் விழும். வருகிறது என்ற பொருளுள்ள 'சிபூமா' என்பதில் வருவது மூச்சு சேர்ந்த 'ப', ஹிந்தியில் பூவுக்குச் சொல்லும் சொல்லின் (phool) முதலெழுத்து மாதிரி. ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் எல்லோரும் அதை 'சிஃபூமா' என்றார்கள். தாளைத் தள்ளி வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். காதால் கற்ற சிலருக்கு இந்தக் குழப்பமே வரவில்லை.

இன்னொன்று, சொல்லில் கடைசிக்கு முந்திய அசைதான் நீளும். ஷோஷோ-லோ-சா, ஸ்தி-மே-லா, உயாப-லே-கா. பேச்சிலேயே அப்படித்தான். பாடும்போதும் எடை அங்கே போக வேண்டும், கடைசி அசை லேசாக விழ வேண்டும். கடைசி அசையை அழுத்திப் பாடினால் கட்டளையிடுவது போல ஆகிவிடுகிறது. ரயில் எங்கிருந்து வருகிறது என்ற இடத்தில் 'சவுத் ஆப்ரிக்கா' என்றும் 'ரொடீசியா' என்றும் இரண்டு பாடங்கள் புழங்குகின்றன. ரொடீசியா என்பது ஜிம்பாப்வேயின் பழைய பெயர், 1980இல் மாறியது. எதைப் பாடுவது என்று சிசியிடமே விட்டோம். அவர் யோசிக்காமல் 'சவுத் ஆப்ரிக்கா' என்றார். வீட்டில் காத்திருந்தவர்களுக்கு ரயில் அங்கிருந்துதானே வர வேண்டும் என்றார்.

இனி ஹார்மனி. எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நேரமும் இதில்தான் அதிகம் போனது.

மெட்டை எல்லோரும் சேர்ந்து பாடத் தெரிந்த பிறகுதான் இதைத் தொட்டோம். முதலில் பேஸ், அதாவது எல்லாவற்றுக்கும் கீழே நிற்கும் கனத்த குரல். மூன்றே கார்டுகளில் (chord, ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) நிற்கும் பாட்டு என்பதால் பேஸ் குரல் ச, ம, ப மூன்றிலும் காலூன்றி நின்றால் கட்டடத்துக்கு அடித்தளம் கிடைத்துவிடும். பஸ் டிரைவர் ஐயாவும் இன்னும் இரண்டு பேரும் அதை எடுத்துக்கொண்டார்கள். அடுத்து மெட்டுக்கு மேலே ஒரு குரல், பெரும்பாலும் மெட்டின் வடிவத்திலேயே மூன்றாம் ஸ்வர தூரத்தில் நிழலாக வரும். பிறகு இடைப்பட்ட டெனர். இதுதான் கஷ்டமான பாகம், ஏனென்றால் அதற்கென்று தனி அழகு கிடையாது. கார்டு மாறினாலும் முடிந்தவரை அசையாமல் ஒரே இடத்தில் நின்று, தேவைப்பட்டால் மட்டும் ஒரு படி ஏறி இறங்கும். நான் நின்றது அங்கே.

என் பாகத்தை நினைவில் வைக்க நான் சரிகமவில் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். இடைவேளையில் சிசி அதை எட்டிப் பார்த்தார். "இது என்ன எழுத்து?" என்றார். ச, ரி, க, ம என்று பாடிக் காட்டினேன். அவர் தன் கைப்பையிலிருந்து ஒரு பழைய கவரை எடுத்து, அதன் பின்னால் டோ, ரே, மீ, ஃபா என்பதன் முதலெழுத்துகளை வைத்து, இடையில் புள்ளிகளும் கோடுகளும் போட்டு அதே வரியை எழுதினார். டானிக் ஸோல்ஃபா. 19ஆம் நூற்றாண்டில் நார்விச்சில் சாரா குளோவர் என்ற ஆசிரியை உருவாக்கியதை ஜான் கர்வென் ஒழுங்குபடுத்திப் பரப்பினார், மிஷனரிகள் அதைத் தெற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இங்கிலாந்தில் அது ஏறக்குறைய மறைந்தேவிட்டது. தென்னாப்பிரிக்கக் கொயர்கள் பல இன்றும் அதில்தான் படிக்கின்றன. சிசி பள்ளியில் அதைத்தான் கற்றிருக்கிறார். ஆதார சுருதி எதுவானாலும் அதை 'டோ' என்று வைத்து மற்றதை எண்ணும் முறை. நம் ஷட்ஜமும் ('ச') அப்படித்தானே. இருவரும் மேஜையில் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஸ்வரத்துக்கு ஸ்வரம் விரலால் தொட்டுப் பார்த்தோம். அவர் 'ஸோ' போட்ட இடத்தில் எல்லாம் என்னுடையதில் 'ப' இருந்தது. அதன் பிறகு என் பாகத்தில் சந்தேகம் வந்தால் எங்கள் அம்மாவைக் கேட்பதை விட்டுவிட்டுச் சிசியைத்தான் கேட்டேன், அவர் 'மீ' என்றால் எனக்குக் 'க'.

ஹார்மனியில் நம் பாட்டுப் பழக்கம் இரண்டு விதமாக வேலை செய்கிறது. மத்தியமத்திலிருந்து ('ம') காந்தாரத்துக்கு ('க') இறங்கும்போது நம் தொண்டை இயல்பாக ஒரு சின்ன வளைவு போட்டுத்தான் இறங்கும். தனியாகப் பாடும்போது அதுதான் உயிர். நாலு குரல் சேர்ந்த கார்டுக்குள் அந்த வளைவு விழுந்தால் கண்ணாடியில் விரல்ரேகை பதிந்த மாதிரி துலங்கிவிடும். ஸ்வரத்தை நேராக எடுத்து, நேராக வைத்து, நேராக விட வேண்டும். இதற்கு நான் செய்த பயிற்சி, ஃபோனில் தம்புரா ஆப் போட்டு, ஒரே ஸ்வரத்தை மூச்சு தீரும்வரை அசைக்காமல் பிடித்துவிட்டு, இடைவெளி விட்டு அடுத்ததை நேரடியாகப் பிடிப்பது.

அதே தம்புரா இன்னொரு இடத்தில் உதவியது. நல்ல தம்புராவின் ஷட்ஜத் தந்தியை உற்றுக் கேட்டால் உள்ளே அந்தர காந்தாரம் தானாக ஒலிக்கும். வாத்தியம் இல்லாமல் குரல்கள் மட்டும் சேரும்போது கார்டின் காந்தாரம் போய் உட்கார வேண்டிய இடமும் அதுதான், பியானோவில் இருப்பதைவிட ஏறத்தாழ 14 சென்ட் கீழே (அரை ஸ்வரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட்). பியானோவில் பாகம் கற்றுக்கொண்டு வந்த ஒருவர் காந்தாரத்தைச் சற்று மேலேயே வைத்துக்கொண்டிருந்தார், கார்டில் ஒரு சின்ன உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. பேஸ் குரல்களைச் ச, ப மட்டும் உரக்கப் பிடிக்க வைத்து, அதன் நடுவே அவரை மெல்ல இறங்கி வரச் சொன்னோம். ஓர் இடத்தில் ஹால் முழுக்க ஒலி திடீரென்று பெருத்தது. அங்கேயே இருங்கள் என்றோம். அதற்குப் பிறகு அந்த இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை.

சுருதி இறங்குவது தனிப் பிரச்சினை. துணைக்கு வாத்தியம் இல்லாத எந்தக் கொயரும் சந்திப்பதுதான். ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும் இடங்களில், ஒவ்வொரு முறையும் மயிரிழை கீழே வரும். பத்துச் சுற்று போனால் அரை ஸ்வரம் காணாமல் போயிருக்கும். 'இன்னும் மேலே பாடுங்கள்' என்று சொல்வதால் எந்தப் பயனும் இல்லை, எல்லோரும் கழுத்தை நிமிர்த்துவார்கள், அவ்வளவுதான். எங்களுக்குப் பலித்தவை சிறியவை. திரும்ப வரும் ஸ்வரத்தைப் புதிதாக மேலிருந்து வந்து தொடுவதாக நினைப்பது. பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும் இடத்தில் நாம் எடுக்காமல் மாற்றி எடுப்பது. அப்புறம் பாகவாரியாகக் கூட்டமாக நிற்பதை விட்டுவிட்டு, எல்லா பாகமும் கலந்து நிற்பது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட உதவியது. தன் பாகத்துக்காரர் பக்கத்தில் இல்லாதபோது யாரும் அடுத்தவர் குரலில் சாய்ந்துகொள்ள முடியாது, முழுக் கார்டையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அழைப்பை யார் பாடுவது என்பதிலும் சிசி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். நிரந்தரத் தலைவர் கிடையாது. யாருக்குத் தோன்றுகிறதோ அவர் அரையடி முன்னால் வந்தால் அடுத்த அழைப்பு அவருடையது. தலைவருக்கு மட்டும் மெட்டை மாற்றிப் பாட உரிமை உண்டு, மேலே ஏற்றலாம், தாமதிக்கலாம், பாதிப் பேச்சாகச் சொல்லலாம். பதில் சொல்பவர்கள் கல்லாக நிற்க வேண்டும். பதில் அசையாது என்ற நம்பிக்கையில்தான் அழைப்பு விளையாட முடியும். வாயைத் திறக்கவே தயங்கும் ஒரு பாட்டி ஒருநாள் அரையடி முன்னால் வந்தார். குரல் சன்னம். ஆனால் அத்தனை பேர் கால் அவருக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது, பதில் அவரை அப்படியே வாங்கிக்கொண்டது. சிசி உடனே ஒரு குலவை போட்டார். முளைப்பாரி ஊர்வலத்தில் கேட்டு வளர்ந்த அதே குலவை, நாக்கு ஓடும் விதம்கூட அதேதான்.

நூலகத்துக்கு வெளியே சனிக்கிழமைச் சந்தையில் பாடினோம். இங்கே புதிதாக ஒரு சிக்கல். ஹாலில் எங்களைத் தாங்கியது மரத்தரை. ஒவ்வோர் அடியும் திரும்பி வந்து காதில் விழும். வெளியே சிமெண்டுத் தரை, கால் சத்தத்தை விழுங்கிவிட்டது. திறந்த வெளியில் எதிர்முனைக் குரலும் மெலிந்தே வருகிறது. முதல் சுற்றிலேயே பதில் இழுக்க ஆரம்பித்தது. ஒரு டிரம் வைத்துக்கொள்ளலாமா என்று யாரோ கேட்டார்கள். சிசி வேண்டாம் என்றார், டிரம் வந்தால் ஆட்கள் ஒருவரை ஒருவர் கேட்பதை நிறுத்திவிடுவார்கள் என்பது அவர் கருத்து. எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. அரைவட்டத்தை நெருக்கி, தோளோடு தோள் இடிக்கும்படி நின்றோம். கட்டைச் செருப்பும் பூட்ஸும் போட்டிருந்தவர்களை இரண்டு முனையிலும் நடுவிலும் நிறுத்தினோம். பேஸ் குரல்களைப் பின்வரிசையில் சுவரை ஒட்டி நிறுத்தியதில் ஒலி திரும்பி முன்னால் வந்தது. பிறகு பாட்டு அதன் நடையில் போயிற்று. காய்கறிக் கடைக்காரர் ஒருவர் எடை போடுவதை நிறுத்தாமலேயே பதிலில் சேர்ந்துகொண்டார், சொல் தெரியாமல் மெட்டு மட்டும்.

சுற்றிச் சுற்றி வரும் பாட்டை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஆளுக்கொரு யோசனை இருந்தது. கடைசி வரியை மெதுவாக்கிப் பார்த்தோம், பிரார்த்தனைப் பாட்டு மாதிரி ஆகிவிட்டது. மெல்ல மெல்லக் குரலைக் குறைத்துப் பார்த்தோம், யார் எப்போது விடுவது என்ற குழப்பத்தில் கார்டு கலைந்தது. இப்போது செய்வது இதுதான்: அழைப்பு பாடுகிறவர் கையை உயர்த்தினால் இன்னும் ஒரே சுற்று. வேகம் குறையாது, சத்தம் குறையாது. கடைசி அசையை எல்லோரும் ஒரு தட்டு மட்டும் பிடித்துவிட்டு ஒன்றாக விட வேண்டும்.

ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகப் பாடி ஃபோனில் பதிவு செய்து வாட்ஸாப் குழுவில் போட்டு வைத்திருக்கிறோம். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு அவற்றை உடனே அனுப்புவதில்லை. முதல் மாலை வட்டத்தில் நின்று நடந்துவிட்டு, கயிற்றைப் பிடித்து இழுத்துப் பதில் பாடிய பிறகுதான் அனுப்புகிறோம். டெனரில் இப்போது நான்கு பேர் ஆகிவிட்டோம். பேஸில்தான் இன்னும் ஆள் வேண்டும்.